செய்கூலி, சேதாரம், சும்மா

என் அக்கா நகைக்கடையில் பத்தொன்பது வருடம் பில் போட்டவள். கால்குலேட்டரைப் பார்க்காமலே தட்டுவாள். கூட்டுத்தொகையை இரண்டு தடவை சொல்வாள், இரண்டாவது தடவை வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். ஊரில் பாதிப் பேர் கழுத்தில் கிடக்கிற சங்கிலி எத்தனை கிராம் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூடச் சொன்னதில்லை, நான் கெஞ்சிக் கேட்டும். பிறகு அந்தக் கடையில் ஒரு மெஷின் வந்தது. நகையில் தொங்குகிற சீட்டை அதன் மூஞ்சிக்கு நேரே காட்டினால் பில் தானாக வந்து விழுந்தது. அக்காவுக்குக் கடையின் பெயர் போட்ட சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவள் வீட்டுக்காரர், என் மாமா, இருந்தார். மாமா தங்கமான மனுஷன், ஆனால் வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யார் வந்தாலும், யார் போன் செய்தாலும், அக்காவைப் பற்றிக் கேட்டால் "அவ வீட்ல சும்மாதான் இருக்கா" என்பார். சமையல், துணி, மாமாவின் மூன்று வேளை மாத்திரை எல்லாவற்றையும் முடித்து அக்கா நிமிரும்போது சரியாக இந்த வார்த்தை காதில் விழும். ஒன்றரை மாதம் பொறுத்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, கடிகாரத்தைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"வீட்ல சும்மா இருக்கேனாம். அதை இங்க வந்து இருக்கேன்" என்றாள்.

ஆபீஸ் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே தரை அதிரும். குரல் பதிவு செய்யும்போதெல்லாம் நான் படியிறங்கிப் போய், ஐந்தே நிமிடம் நிறுத்துங்கள் என்று ஜெராக்ஸ்காரரின் தாடையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்ச வேண்டும். சின்னக் கடைகளுக்கு விளம்பர வீடியோ எடுப்பது என் தொழில். தலையணைக் கடை, பல் டாக்டர், தண்ணீர்த் தொட்டி விற்பவர், இப்படி. எட்டு வருடமாகச் செய்கிறேன். எட்டு வருடமாக மாதக் கடைசியில் என் மனைவி என்னைப் பார்க்கிற பார்வையை இங்கே எழுத முடியாது.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். இது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தக் கோபமெல்லாம் வீட்டோடும் லைட்டுக்காரரோடும் சரி. வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்துவிட்டால் நான் அப்படியே உருகிவிடுவேன். "சும்மா ஒரு நிமிஷ வீடியோதானே தம்பி" என்பார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, அதற்கென்ன சார், உயரத்திலிருந்து ஒரு ஷாட் சும்மா போட்டுத் தருகிறேன், பாட்டு ஒன்றும் சும்மா சேர்த்துத் தருகிறேன் என்பேன். விலையை எப்படிச் சொல்வேன் என்றால், அவர் முகத்தைப் பார்ப்பேன், வாயில் வருகிற எண்ணைச் சொல்வேன். அவர் முகம் சுருங்கினால் எண்ணும் சுருங்கிவிடும்.

இதையெல்லாம் அக்கா மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நான்கு நாள் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. போதாததற்கு அந்தக் கடிகாரத்தை என் மேசைக்கு நேரே மாட்டிவிட்டாள். யாரையாவது உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால் அவர் தலைக்குப் பின்னால் நகைக்கடையின் பெயர் தெரியும். ஒவ்வொரு தடவையும் கழற்றி, திரும்ப மாட்ட வேண்டும். எடுத்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா அல்லவா.

இன்னொன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் எழுந்து, கைப்பையைத் திறந்து என் மேசைமேல் வைத்துக் காட்டுவாள். டிபன் டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு, குடை, மாமாவின் மருந்துச் சீட்டு. முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நகைக்கடையில் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது பையைத் திறந்து காட்டினால்தான் வெளியே விடுவார்களாம். பத்தொன்பது வருடப் பழக்கம், காட்டாமல் போனால் படியிறங்கக் கால் வராது என்றாள். இந்த அறையில் திருடிக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று சிரித்தேன். இருந்தாலும் பாரு என்றாள். தினமும் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் தலையணைக் கடை அம்மா வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்து வழக்கம்போல் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது, மூலையிலிருந்து அக்கா ஒரு தாளை நீட்டினாள். பில் புத்தகத்துக் கையெழுத்தில் மூன்றே வரி. செய்கூலி இவ்வளவு. சேதாரம் பன்னிரண்டு சதவீதம். கல் விலை தனி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீடியோவில் ஏது கல்? அக்காவைக் கேட்டால், எழுத்து ஓடுகிறதே, பாட்டு வருகிறதே, அதெல்லாம் மேலே பதிக்கிறதுதானே, அதுதான் கல் என்கிறாள். சேதாரம்? எடுத்ததில் பாதியை நீ வெட்டிப் போடுகிறாய், அது என்னவாம்? நான் அசடு வழிய அந்தம்மாவைப் பார்த்தேன். அவரோ ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டி, சேதாரத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்றார். அக்கா கொஞ்சம் யோசிக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டுப் பன்னிரண்டைப் பத்தாக்கினாள். அந்தம்மா ஜெயித்த முகத்தோடு முழுப்பணத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். என் எட்டு வருடத்தில் செய்கூலியில் யாரும் கை வைக்காதது அன்றுதான். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கலைஞன், என் தாளில் சேதாரம் என்று எழுதியிருக்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தராசுக்காரர் வந்தார்.

கடிதம் நிறுக்கிற தராசு முதல் லாரி நிறுக்கிற மேடைத் தராசு வரை விற்கிறவர். நகைக்கடைகளுக்கெல்லாம் தராசு வைத்துக் கொடுக்கிறவரும் அவர்தான். அவர் கடைக்குள் நான் நுழைந்ததும் என் கேமராவை வாங்கி ஒரு தட்டில் வைத்து, இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். காசு பேசவே இல்லை. நான்தான் வாயைக் கொடுத்தேன், ஒரு பதினைந்துக்குள் முடித்துவிடலாம் சார் என்று. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குறைக்கச் சொல்லப்போகிறார் என்று பயந்து, அவசரமாக விளக்கைப் போடச் சொன்னேன். முதலில் எடுத்துவிட்டுப் பிறகு விலை பேசுகிற அறிவு எனக்கு மட்டும்தான் உண்டு.

அவரே கேமரா முன்னால் பேச வேண்டும் என்றார். ஒரே ஒரு வாக்கியம்தான். "எங்கள் தராசு துல்லியமானது." எழுதிக் கொடுத்தது நான். அவருக்கு அது வரவில்லை. "எங்கள் தராசு துள்ளியமானது" என்றார். தராசு துள்ளினால் யார் வாங்குவார்கள்? திருத்தினேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் துள்ளினார். மெதுவாகச் சொல்லச் சொன்னேன், மெதுவாகத் துள்ளினார். இரண்டு தரம் சரியாக வந்தது, ஒன்றில் தெருவில் லாரி ஹாரன் அடித்தது, இன்னொன்றில் அவருக்கே ஆச்சரியமாகப் போய்ச் சிரித்துவிட்டார். நாற்பத்தேழு தடவை. எனக்கு உள்ளே எள்ளும் கொள்ளும் வெடித்தது, வெளியே "சூப்பர் சார், இன்னொரு தரம்" என்றேன். நாற்பத்தேழாவது தரத்தில் வந்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது என் மனைவி பெயரைக்கூட நான் துள்ளலாகத்தான் கூப்பிட்டேன்.

நாலு நாள் உட்கார்ந்து ஒன்றரை நிமிட வீடியோவாக்கினேன். அதைப் பார்க்க அவர் என் அறைக்கு வந்தார். பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அக்கா தாளை நீட்டினாள். செய்கூலி பதினைந்தாயிரம், சேதாரம் பன்னிரண்டு சதவீதம் ஆயிரத்து எண்ணூறு, கல் விலை இரண்டாயிரம். பதினெட்டாயிரத்து எண்ணூறு. பதினெட்டாயிரத்து எண்ணூறு என்று முகத்தைப் பார்த்து இரண்டாவது தடவையும் சொன்னாள்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. சேதாரம் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"அம்மா, நான் நகைக்கடைக்குத் தராசு வைக்கிறவன். சேதாரம்னு அங்க வாங்கறது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். இதுல எங்க போச்சு? அந்தச் சேதாரத்தை எனக்குக் காட்டுங்க."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. பன்னிரண்டு என்று முதலாளி சொன்னார், பன்னிரண்டு என்று எழுதினாள், அவ்வளவுதான். நான் நடுவில் புகுந்து, சேதாரமெல்லாம் வேண்டாம் சார், எடுத்துவிடலாம், சும்மா ஒரு பேச்சுக்குப் போட்டது என்று இளித்தேன். அவர், நாளை மறுநாள் வருகிறேன், எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் எட்டு வருடக் கோபமும் அக்காவின் மேல் விழுந்தது. பெரிய கடை, அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்திருப்பார்கள், எல்லாம் உன் சேதாரத்தால் போயிற்று, இது நகைக்கடை இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமா சொன்னதில் தப்பே இல்லை, நீ வீட்டிலேயே சும்மா இருந்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன மறு நிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெளியே வந்தது வந்ததுதான்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றரை. பிறகு, "அவர் வந்து கையெழுத்துப் போடலேன்னா கடிகாரத்தைக் கழட்டிக்கிட்டு நான் கிளம்பிடறேன். உனக்கும் மாட்டிக் கழட்டற வேலை மிச்சம்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. அன்றைக்கு ஆறு மணிக்குப் பையைத் திறந்து காட்டியபோது நான் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் நான் திரும்பும்வரை நின்றுவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலை வந்ததும் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வெட்டிப் போட்டதையெல்லாம் காட்டு என்றாள். மூன்று மணி பத்து நிமிடம். அசையாமல் பார்த்தாள். நடுநடுவே கேள்வி. இந்த விளக்கு யாருடையது? மைக் வாடகையா? இந்தப் பாட்டுக்கு யாருக்குக் காசு கொடுத்தாய்? ஆட்டோ எத்தனை தரம்? நான் கடுப்போடு பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனாள். கடைசியாக, "உனக்கு ஒரு நாளைக்குக் கூலி என்னடா?" என்றாள்.

எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது என் கூலி என்றேன். மிஞ்சினதா என்று கேட்டாள். நான் மேசையில் ஒட்டியிருந்த பழைய டேப்பைச் சுரண்டினேன். எட்டு வருடமாக நான் எனக்கே சும்மா வேலை பார்த்திருக்கிறேன் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதனால் ஜெராக்ஸ்காரரைத் திட்டினேன். அவர் மெஷின் அப்போது ஓடக்கூட இல்லை.

சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குத் தராசுக்காரர் வந்தார். அக்கா அவரை உட்கார வைத்து, முதலில் சேதாரத்தைப் பாருங்கள் என்று போட்டுவிட்டாள். மனுஷன் தன் நாற்பத்தேழு துள்ளலையும் ஒன்று விடாமல் பார்த்தார். பத்தாவதில் முகம் சிவந்தது. இருபதாவதில் அவர் உதடும் கூடவே அசைந்தது. முப்பதைத் தாண்டியபோது, "எனக்கே கேட்குது தம்பி, நான் தப்பாத்தான் சொல்றேன்" என்றார். முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார்.

"நூத்தித் தொண்ணூறு நிமிஷம் எடுத்து ஒன்றரை நிமிஷம் வச்சிருக்கீங்க. சேதாரம் தொண்ணூத்தொன்பது புள்ளி ரெண்டு. நீங்க பன்னண்டுன்னு போட்டிருக்கீங்க. தப்பான எடைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

விளங்கினாற்போல்தான் என்று நினைத்தேன். சேதாரம் அதிகம் என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், குறைவு என்று சண்டை போடுகிறவரை எங்கே போய்ப் பார்ப்பது? என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது. அக்காவோ பழைய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டாள். புதிய தாளை எடுத்து வைத்தாள். அதில் சேதாரம் என்ற வரியே இல்லை.

ஒவ்வொன்றாகப் படித்தாள். படம் எடுத்த நாள் என் கூலி நாலாயிரம். வெட்டி ஒட்டிய நாலு நாள் பத்தாயிரம். விளக்கும் லைட்டுக்காரரும் மூவாயிரம். மைக் எண்ணூறு. ஆட்டோ அறுநூறு. பாட்டு ஆயிரத்து ஐந்நூறு. எழுத்து ஆயிரத்து இருநூறு. கேமராத் தேய்மானம் ஆயிரத்து ஐந்நூறு. அறை வாடகையும் கரண்டும் ஆயிரத்து நானூறு. இருபத்து நாலாயிரம். இருபத்து நாலாயிரம்.

பதினைந்துக்குள் என்று சொன்ன வாய் இது. அவர் எழுந்து போகப்போகிறார் என்று நானே முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள். செருப்புக் காலால்.

அவர் நிதானமாகப் படித்தார். நீங்கள் பதினைந்து என்று சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம், எடையைக் குறைத்துச் சொல்கிறவன் எங்கோ கை வைக்கப் போகிறான் என்று நினைத்தேன் என்றார். துல்லியமா இருக்கு என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, "சரியா இருக்கு" என்றார். அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள், இந்த வார்த்தையையே அன்றைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே தரத்தில் முடிந்திருக்குமே என்று. நான் கூரையைப் பார்த்தேன். பாதி நாளைத் தின்ற அந்தப் பிடிவாதத்துக்குத்தான் நான் கூலி போடவில்லை என்றாள்.

தராசுக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் விடவில்லை. லைட்டுக்காரர் வரியில் விரலை வைத்தார். மத்தியானம் அந்த ஆள் என் கடை மேடைத் தராசின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கினார், வெட்டிப் போட்டதில் எனக்குப் பின்னால் எழுபத்தெட்டு புள்ளி நாலு கிலோ என்று அரை மணிக்கு மேல் தெரிகிறது, அதைக் கழியுங்கள் என்றார். ஓட்டிப் பார்த்தோம். பளிச்சென்று தெரிந்தது எழுபத்தெட்டு புள்ளி நாலு. அக்கா மறுபேச்சில்லாமல் அறுநூறு கழித்தாள். இருபத்து மூவாயிரத்து நானூறு.

அவர் பேனாவைத் திறந்தார். நான் மூச்சை விட்டேன். பேனா தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது.

"இந்தக் கணக்கு போட்டது யாரு?" என்றார். நான்தான் என்றாள் அக்கா. "உங்க கூலி எங்கம்மா?"

அக்கா தாளைப் பார்த்தாள், உண்மையாகவே தேடுகிறவள் மாதிரி. இருபத்து மூவாயிரத்து நானூறில் மைக்குக்கு இடம் இருந்தது, ஆட்டோவுக்கு இடம் இருந்தது, அவள் இல்லை. நான் எனக்கே கூலி போட்டுக்கொள்ளவில்லை என்று அத்தனை கேட்டவள் தனக்குப் போட மறந்திருந்தாள்.

"நான் இங்க சும்மாதான் இருக்கேன்" என்றாள்.

"சும்மா இருக்கறவங்க போட்ட கணக்குன்னா எனக்கு வேணாம். நான் வேற ஆளை வச்சுப் போட்டுக்கறேன்" என்று தராசுக்காரர் பேனாவை மூடிவிட்டார். கிண்டலில்லை, மனுஷன் அவ்வளவு சீரியசாகச் சொன்னார்.

அவள் கை தாளின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தது. நான் தாளை என் பக்கம் இழுத்தேன். நகைக்கடையில் உனக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். அறுநூறு என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவளுடைய வரிசைக்குக் கீழே என் கோழிக்கிறுக்கலில் எழுதினேன்: கணக்காளர் கூலி, மூன்று நாள், ஆயிரத்து எண்ணூறு. மொத்தம் இருபத்தைந்தாயிரத்து இருநூறு. வாய்விட்டுச் சொன்னேன். இரண்டாவது தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

தராசுக்காரர் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, அடுத்த மாதம் குழந்தைத் தராசுக்கு ஒரு வீடியோ வேண்டும், விலையை நீங்கள் சொல்லாதீர்கள், அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

அக்கா வெகுநேரம் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகல் எடுக்கக் கீழே போனவள், ஜெராக்ஸ்காரரிடம் ஒரு நகலுக்கு என்ன அடக்கம் என்று கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டு வந்தாள். நடுவில் மாமா போன் செய்தார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார் போல. "வேலையில இருக்கேன், ஆறு மணிக்குத்தான் வருவேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆறடித்தது. எழுந்தாள், பையைத் தோளில் மாட்டினாள், விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். செருப்பு மாட்டிப் பாதிப் படியும் இறங்கிவிட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? படிமேல் நின்று குரல் கொடுத்தேன்.

"அக்கா, பையைக் காட்டல?"

அவள் திரும்பக்கூட இல்லை.

"சும்மா இருடா" என்றாள்.